அப்பாவின் ஓவியங்களுக்கு நானே சட்டமிடக் கற்ற கதை

என் தகப்பனார் கும்பகோணத்தில் பள்ளி ஓவிய ஆசிரியராக முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றியவர். 2019-இல் அவர் காலமானபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் அறுபதுக்கும் மேற்பட்ட நீர்வண்ண ஓவியங்கள் இருந்தன. ஒவ்வோர் ஓவியத்துக்கும் இடையே துவைத்து மடித்த பழைய வேட்டித் துணியை விரித்து, அடுக்கடுக்காக வைத்திருந்தார். சில ஓவியங்களின் வயது நாற்பதைத் தாண்டியிருந்தும் ஒன்றில்கூடப் பூச்சி அரிக்கவில்லை, நிறம் மங்கவில்லை. அவற்றில் பதினான்கை மட்டும் தேர்ந்தெடுத்து, சென்னையில் உள்ள என் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தகரப் பெட்டிக்குள் நாற்பது ஆண்டுகள் பத்திரமாக இருந்தவை என் சுவரில் இரண்டே ஆண்டுகளில் கெட்டுப்போயின. அந்தத் துயரத்தையும், அதன் பிறகு தட்டுத்தடுமாறி நான் கற்றுக்கொண்ட செலவு குறைந்த வழிகளையும் இங்கே எழுதுகிறேன். தாளில் வரைந்த ஓவியமோ, பாட்டியின் கோலநோட்டுப் பக்கமோ, பிள்ளைகள் வரைந்த படமோ வைத்திருப்பவர்கள், கடைக்கு எடுத்துச் செல்லும் முன் இதைப் படித்துவிட்டால், எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு நேராமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

2020 பிப்ரவரியில், வீட்டுக்கு அருகில் இருந்த கண்ணாடி பிரேம் கடை ஒன்றில் பதினான்கு ஓவியங்களையும் ஒப்படைத்தேன். சாமி படங்களும் திருமணப் புகைப்படங்களும் சட்டமிடும் கடை அது. அந்த வேலையில் அவர்கள் தேர்ந்தவர்கள்தாம். ஆனால் அச்சிட்ட படம் வேறு, கையால் வரைந்த ஒற்றைப் பிரதி வேறு என்பது எனக்கே தெரியாதபோது, அவர்களிடம் அதை எப்படிச் சொல்லியிருப்பேன்? "லேமினேஷன் போட்டுட்டா தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க மேடம், செலவும் பாதிதான்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, மூன்று ஓவியங்களை, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் படலம் போடச் சொன்னேன். மீதிப் பதினொன்றுக்கும் தேக்கு நிறச் சட்டமும் கண்ணாடியும் போடச் சொன்னேன். கண்ணாடிச் சட்டம் ஒன்றுக்கு 1,250 ரூபாய், லேமினேஷனுக்கு 650 ரூபாய், ஆக மொத்தம் 15,700 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் வரிசையாக மாட்டிவிட்டு அன்று இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்பா வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போல இருந்தது.

முதல் அடையாளம் ஓராண்டு கழித்துத் தெரிந்தது, ஆனால் அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. மேற்கு பார்த்த சன்னலுக்கு எதிரே மாட்டியிருந்த ஓவியத்தில், படித்துறையில் துணி துவைக்கும் பெண்ணின் சேலை நல்ல அரக்குச் சிவப்பாக இருக்கும். அது வெளிறி இளஞ்சிவப்பாகிக்கொண்டிருந்ததை, நாள்தோறும் பார்க்கும் கண்ணால் கண்டுகொள்ள முடியவில்லை. பின்னாளில் சட்டத்தைப் பிரித்தபோதுதான், சட்டத்தின் உதட்டுக்கு அடியில் மறைந்திருந்த அரை சென்டிமீட்டர் விளிம்பில் மட்டும் சேலையின் முந்தானை நுனி பழைய நிறத்திலேயே இருந்ததைப் பார்த்தேன். அந்தக் கீற்று இல்லாவிட்டால், முழு ஓவியமும் எவ்வளவு இழந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

பெரிய அடி 2021 மழைக்காலத்தில் விழுந்தது. அந்த நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் கூடத்தின் வடக்குச் சுவர் வெளிச்சுவர். மழைநீர் நேரே உள்ளே ஒழுகவில்லை என்றாலும், சுவர் முழுதும் குளிர்ந்து நீர் கோத்திருந்தது. பொங்கலுக்கு வீட்டைத் துடைக்கும்போது ஒரு சட்டத்தை இறக்கிப் பார்த்தேன். பின்புற ஹார்ட்போர்டு ஊறி உப்பியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அடுத்ததில் பழுப்புப் புள்ளிகள். அதற்கடுத்து இருந்தது மகாமகக் குளம். 1980 மகாமகம் முடிந்த பிறகு, கூட்டம் கலைந்த குளக்கரையில் அமர்ந்து அப்பா வரைந்தது என்று அம்மா சொல்வார். குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களில் ஏழு அந்தப் பார்வைக் கோணத்தில் தெரியும். பதற்றத்தில் நான் சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை மூலையிலிருந்து உரித்தேன். மூன்று மண்டபங்கள் கண்ணாடியோடு போய்விட்டன. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அப்பா பெட்டியில வச்சிருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சொல் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

இதில் நான் கற்ற முதல் பாடம்: கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஓவியத்தை வீட்டில் உரிக்கவே கூடாது. ஓவியத் தாளுக்கு விறைப்பு ஊட்டும் பசையும், நீர்வண்ணத்தைப் பிணைத்து வைக்கும் பிசினும் ஈரத்தில் இளகும். இளகிய நிலையில் கண்ணாடியை ஒட்டி இருந்தால், உலரும்போது கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒட்டியதைக் கண்ணாடியோடு அப்படியே காற்றோட்டமான நிழலில் கிடத்திவிட்டு, தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுவது ஒன்றே வழி. இரண்டாவதாக அதே போல ஒட்டியிருந்த ஓவியத்தை நான் தொடவில்லை. கண்ணாடியும் தாளுமாகவே இன்னும் தட்டையாக வைத்திருக்கிறேன். என்றைக்காவது செலவழிக்கும் வசதி வரும்போது உரியவரிடம் கொடுப்பேன்.

பூஞ்சணம் பிடித்த நான்கையும் ஈரத்துணியால் துடைக்காமல் விட்டது மட்டுமே நான் அன்றைக்குச் செய்த சரியான செயல். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சணம் தாளின் நாருக்குள் அழுந்திவிடும். மின்விசிறிக் காற்று நேரே படாத ஓர் அறையில், சுத்தமான துணியின் மேல் ஒரு வாரம் காயவிட்டு, பூஞ்சணம் பொடியாக உலர்ந்த பிறகு மொட்டை மாடியில் முகக்கவசம் அணிந்துகொண்டு, மெல்லிய தூரிகையால் தாளுக்கு வெளிப்புறமாக வருடித் தள்ளினேன். பொடி போயிற்று, கறை போகவில்லை. கறையை வெளுக்கப் பலர் பலவிதமான திரவங்களைச் சொன்னார்கள். எதையும் தொடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள், ஏனெனில் கறையோடு சேர்ந்து வண்ணமும் வெளுக்கும்.

பிரித்துப் பார்த்தபோதுதான் கடையில் எப்படிச் செய்திருந்தார்கள் என்பது தெரிந்தது. ஓவியத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை இட்டு, நேரே ஹார்ட்போர்டில் ஒட்டி, மேலே கண்ணாடியை அழுத்தி, பின்னால் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தார்கள். இந்த ஏற்பாட்டில் மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. தாள் ஈரக் காற்றில் விரியும், வறண்ட காற்றில் சுருங்கும். அதை ஐந்து இடங்களில் இறுக்கி ஒட்டிவிட்டால், விரிய இடமில்லாமல் அலையலையாகப் புடைக்கும். என் பதினொன்றில் ஒன்றுகூடப் புடைக்காமல் இல்லை. மரநாரால் ஆன ஹார்ட்போர்டும் சாதாரண அட்டையும் அமிலத்தன்மை உடையவை. அந்த அமிலம் தொட்டிருக்கும் தாளுக்குள் மெல்ல ஊடுருவிப் பழுப்பாக்கும். செய்தித்தாள் வெயிலில் சில நாட்களிலேயே மஞ்சளாவதும் மரநாரில் உள்ள லிக்னின் என்ற பொருளால்தான். மூன்றாவதாக, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே காற்றுக்கு வழி இல்லை. இவற்றையெல்லாம் விட என்னை வருத்தியது வேறொன்று. அப்பா ஒவ்வோர் ஓவியத்தின் பின்னும் பென்சிலால் இடம், தேதி, நேரம் எழுதி வைத்திருப்பார். அதை நான் படம்கூட எடுத்து வைக்காமல் கொடுத்துவிட்டேன். பசைக்கு அடியில் போன எழுத்துகள் போனவைதாம். எந்த ஓவியத்தை எங்கே கொடுப்பதாக இருந்தாலும், முன்னும் பின்னும் மரநிழலில் வைத்துத் தெளிவாகப் படமெடுத்துக்கொண்டு கொடுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை.

ஒட்டப்பட்டவற்றைப் பிரிக்க நான் கண்ட வழியையும் சொல்லிவிடுகிறேன். ஓவியத்தைப் பலகையிலிருந்து உரிக்கக் கூடாது, பலகையை ஓவியத்திலிருந்து உரிக்க வேண்டும். முதல் ஓவியத்தைத் தவறான முறையில் இழுத்து ஒரு மூலையைக் கிழித்த பிறகே இது எனக்கு உறைத்தது. சுத்தமான வெள்ளைத் தாளின் மேல் ஓவியத்தைக் குப்புறப் படுக்க வைத்து, ஹார்ட்போர்டை மெல்லிய தகட்டுக் கத்தியால் படலம் படலமாகப் பின்னாலிருந்து செதுக்கி எடுத்தேன். ஓர் ஓவியத்துக்கு நான்கு மாலைகள் பிடித்தன. கடைசிப் படலம் கையில் வராமல் போன இடங்களில் வலிந்து சுரண்டாமல் அப்படியே விட்டுவிட்டேன். லேமினேஷன் செய்த மூன்றுக்கும் எந்த வழியும் இல்லை. சூட்டில் உருகி ஒட்டிய படலம் வண்ணத்தோடு ஒன்றிவிட்டது. தயவுசெய்து, உங்கள் கையில் இருக்கும் ஒற்றைப் பிரதியை எவர் சொன்னாலும் லேமினேஷனுக்குக் கொடுக்காதீர்கள். அதன் அச்சுப் பிரதிக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

இனி நானே செய்வது என்று முடிவெடுத்த பிறகும் தவறுகள் நிற்கவில்லை. முதலில் இருபுறம் ஒட்டும் டேப்பை வாங்கி, நல்ல அட்டையில் இரண்டு ஓவியங்களை ஒட்டினேன். அடுத்த மே மாத வெயிலில் டேப்பின் கோந்து இளகி, ஓவியம் சட்டத்துக்குள் ஒருபக்கமாகச் சரிந்து இறங்கியது. டேப் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை போன்ற மினுமினுப்பு தாளின் முன்பக்கம் வரை ஊறியிருந்தது. செல்லோ டேப், முகமூடி டேப் எனப்படும் மாஸ்கிங் டேப், பழுப்பு டேப் எதுவாக இருந்தாலும் இதே கதிதான். புதிதாக ஒட்டும்போது எல்லாம் நன்றாகவே தெரியும். சில ஆண்டுகளில் கோந்து மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், டேப் மட்டும் உதிர்ந்து விழும். இந்தச் சோதனைகளிலும், வெட்டத் தெரியாமல் வீணாக்கிய நான்கு அட்டைகளிலும் மேலும் ஏறத்தாழ 3,500 ரூபாய் கரைந்தது.

இப்போது நான் பின்பற்றும் முறையை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அடிப்படையில் வேண்டியவை இரண்டு அட்டைகள். ஓவியத்தைத் தாங்கும் பின்னட்டை ஒன்று, நடுவில் சன்னல் போல வெட்டி மேலே வைக்கும் முன்னட்டை ஒன்று. கடைகளில் இதை மவுண்ட் போர்டு என்பார்கள். இந்த முன்னட்டை அழகுக்கு மட்டும் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடைவெளி உண்டாக்குவதே அதன் முதல் வேலை. அட்டை வாங்கும்போது அமிலமற்றது என்று கேட்டு வாங்க வேண்டும், பருத்தி நாரால் ஆனது கிடைத்தால் மிக நல்லது. ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் 32-க்கு 40 அங்குல முழுத்தாளாகக் கிடைக்கும். நான் வாங்கியது ஒன்று 700 ரூபாய். அதை நான்காக வெட்டினால் 16-க்கு 20 அங்குலத்தில் நான்கு துண்டுகள், அதாவது இரண்டு ஓவியங்களுக்குப் போதும். கடைக்காரர் சொல்லும் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அமிலத்தன்மையைக் காட்டும் சோதனைப் பேனா ஒன்று கிடைக்கிறது. அட்டையின் ஓரத்தில் கோடு இழுத்தால், அமிலமற்ற அட்டையில் ஊதாவாகவும் அமிலமுள்ள அட்டையில் மஞ்சளாகவும் தெரியும். கோடு அழியாது என்பதால் ஓவியத்தின் மேல் மட்டும் அதை இழுத்துவிடக் கூடாது. நிறம் பூசிய அட்டையின் மேற்பரப்பிலும் அது சரியாகத் தெரியாது.

அளவுக் கணக்கை என் ஓவியம் ஒன்றைக் கொண்டே காட்டுகிறேன். அப்பா முழுத்தாளை நான்காகக் கிழித்து வரைவார், ஆகவே பெரும்பாலானவை 11-க்கு 15 அங்குலம். சட்டம் 16-க்கு 20. சன்னல் ஓவியத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால்தான் விளிம்பைப் பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் உள்ளே தள்ளி, 10½-க்கு 14½ என்று சன்னல் வைத்தேன். அகலத்தில் மிஞ்சுவது 5½ அங்குலம், இரு பக்கமும் 2¾ ஆகப் பிரியும். உயரத்திலும் மிஞ்சுவது 5½ தான், ஆனால் அதைச் சமமாகப் பிரிக்காமல் மேலே 2½, கீழே 3 என்று விட்டேன். சமமாக விட்டால் ஓவியம் கீழே நழுவி நிற்பது போலக் கண்ணுக்குப் படும். ஓவியத்தின் அடியில் கையெழுத்து விளிம்பை ஒட்டி இருந்தால், அது மறையாதபடி சன்னலைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். ஓவியத்தை வெட்டி அளவைச் சரிசெய்யும் எண்ணம் எவருக்கும் வரவே கூடாது.

சாய்வாக வெட்டும் கருவி விலை அதிகம், எனக்கு அது தேவைப்படவில்லை. எஃகு அளவுகோல், புதிய பிளேடு போட்ட கத்தி, அடியில் தடித்த அட்டை ஆகியவை போதும். பின்புறத்தில் கோடு இழுத்து, ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், ஆறேழு முறை மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். மூலையில் ஒரு மயிரிழை தாண்டினால்தான் துண்டு பிசிறின்றிக் கழன்று வரும், அதிகமாகத் தாண்டினால் வெட்டு முன்பக்கத்தில் தெரியும். ஒவ்வோர் அட்டைக்கும் பிளேடு முனையை உடைத்துப் புதிதாக்கிக்கொள்வது நல்லது. என் முதல் நான்கு அட்டைகள் வீணானது மழுங்கிய பிளேடால்தான். பழைய நாட்காட்டி அட்டையில் பத்து முறை பழகிவிட்டு நல்ல அட்டையைத் தொடுங்கள்.

ஓவியத்தைப் பின்னட்டையில் பொருத்த இரண்டு வழிகள். எளிய வழி மூலைப் பைகள். அமிலமற்ற வெள்ளைத் தாளில் இரண்டு சென்டிமீட்டர் அகலம், எட்டு சென்டிமீட்டர் நீளம் உள்ள பட்டை வெட்டி, அதன் நடுவிலிருந்து இரு கைகளையும் கீழ்நோக்கி மடித்தால் அம்பின் முனை போல ஒரு முக்கோணப் பை கிடைக்கும். ஓவியத்தின் நான்கு மூலைகளையும் நான்கு பைகளில் செருகி, பைகளை மட்டும் பின்னட்டையில் ஒட்டிவிட்டால் போதும். ஓவியத்தின் மேல் ஒரு துளிப் பசைகூடப் படாது. தாள் விரிவதற்காக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டே பைகளை ஒட்ட வேண்டும். சன்னல் அட்டை பைகளின் பெரும்பகுதியை மறைத்துவிடும். முதல் முறையாகச் செய்பவர்கள் இதையே செய்யுங்கள் என்பேன்.

ஓவியத்தின் விளிம்பு முழுதும் தெரிய வேண்டும் என்றாலோ, மூலைகள் நைந்திருந்தாலோ மட்டும் கீல் முறை. மெல்லிய ஜப்பானியத் தாளைச் சிறு பட்டைகளாகக் கிழித்து, ஓவியத்தின் மேல்விளிம்பில் இரண்டு இடங்களில் மட்டும், பின்புறத்தில் அரை சென்டிமீட்டருக்கு ஒட்டி, மேல்பாதியைப் பின்னட்டையில் ஒட்டி, அதன் குறுக்கே இன்னொரு பட்டையை ஒட்ட வேண்டும். ஓவியம் நாட்காட்டித் தாளைப் போல மேலிருந்து தொங்கும், கீழ்ப்பக்கம் விரியவும் சுருங்கவும் விடுதலை உண்டு. பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், ஈரத்தூரிகையால் கோடிட்டுக் கையால் கிழித்தால், நார்கள் பிரிந்து விளிம்பு மென்மையாகும், முன்பக்கம் தடம் பதியாது. கீல் எப்போதும் ஓவியத் தாளைவிட வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும். சட்டம் கீழே விழுந்தால் கிழிவது கீலாக இருக்கட்டும், ஓவியமாக வேண்டாம். ஒரு முழுத்தாள் ஜப்பானியத் தாள் 400 ரூபாய்க்கு வாங்கினேன், பதினைந்து ஓவியங்களுக்குப் பின்னும் பாதி மிச்சம் இருக்கிறது.

பசைக்கு நான் செலவழித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கோதுமை அல்வா செய்யப் பால் எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கைவந்த வேலை. மைதா மாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கினால் வெள்ளைப் பால் இறங்கும், கையில் ரப்பர் போன்ற சக்கை மிஞ்சும். பாலை வடிகட்டி இரவு முழுதும் தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டினால் அடியில் தங்குவதுதான் மாவுச்சத்து. ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறி, கண்ணாடி போல ஆனதும் இறக்கி, ஆறிய பின் மெல்லிய துணியில் அழுத்திப் பிழிந்தால் பசை தயார். குளிர்பெட்டியில் நான்கைந்து நாட்கள் இருக்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். ஓவியத்துக்கு அது ஆகாது, துத்தத்தில் உள்ள தாமிரம் தாளை அரிக்கும். துத்தம் இல்லாத மாவுப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து என்பதும் உண்மைதான், அதனால்தான் பொட்டளவு மட்டும் இட வேண்டும் என்கிறேன். இந்தப் பசையின் பெருமை என்னவென்றால், இருபது ஆண்டுகள் கழித்தும் சற்று ஈரம் காட்டினால் கீல் கழன்றுவிடும். என் முதல் ஓவியங்களை ஒட்டிய வெள்ளைப் பசையைக் கழற்ற எந்த ஈரத்தாலும் முடியவில்லை.

சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் புதிதாகச் செலவழிக்கவில்லை. கடையில் போட்ட சட்டங்களையே பிரித்து, கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்திப் பயன்படுத்தினேன். ஆகவே ஓர் ஓவியத்துக்கு அட்டைக்கு 350 ரூபாயும், தாளுக்கும் மற்றவற்றுக்கும் முப்பது நாற்பது ரூபாயும்தான் ஆயின. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தனி அளவில் சட்டம் செய்யக் கொடுக்காமல், ஆயத்தமாகக் கிடைக்கும் அளவில் வாங்கி, சன்னல் அட்டையின் அளவை ஓவியத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தாள் போடுவதானால், எடை குறைவு, உடையாது என்ற நன்மைகள் உண்டு. ஆனால் கரித்துண்டாலோ பாஸ்டல் என்ற பொடிவண்ணக் கட்டியாலோ வரைந்த ஓவியங்களுக்கு அக்ரிலிக் வேண்டாம். அதில் எழும் நிலைமின்சாரம் பொடியைத் தன்பால் இழுத்துவிடும். சட்டத்துக்குள் பாச்சை உருண்டை, வசம்பு, வேப்பிலை வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓலைச்சுவடிக்கு வசம்பு சரி, தாள் ஓவியத்தின் அருகே எண்ணெய்ப் பசையுள்ள எதையும் வைக்க வேண்டாம்.

மாட்டும் இடம்தான் எல்லாவற்றிலும் பெரிய காரியம், அதற்குப் பணமும் வேண்டாம். மழை அடிக்கும் வெளிச்சுவர், குளியலறைக்குப் பொதுவான சுவர், சமையலறை, விளக்கெண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் படும் பூசை அறை, வெயில் நேரே விழும் சுவர் ஆகிய அனைத்தையும் விலக்கிவிட்டேன். எஞ்சியது படுக்கையறைக்கும் கூடத்துக்கும் இடைப்பட்ட உட்சுவர் ஒன்றுதான். சட்டத்தின் பின்புறக் கீழ்மூலைகளில், நாற்காலிக் காலில் ஒட்டும் ஃபெல்ட் வட்டுகளை இரண்டிரண்டாக ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று போகும். நூறு ரூபாய்க்கும் குறைவான இந்த வட்டுகள் அன்று இருந்திருந்தால் சில ஓவியங்களாவது தப்பியிருக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில் இரும்புக் கம்பி துருப்பிடித்து அறும், ஆகவே நைலான் கயிற்றையோ துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையோ கட்டி, ஒன்றுக்கு இரண்டாக ஆணி அடித்து மாட்டுகிறேன். சுவரில் பசையால் ஒட்டும் கொக்கிகள் டிஸ்டெம்பர் பூச்சோடு பெயர்ந்து வருகின்றன, அவற்றில் கண்ணாடிச் சட்டத்தை நம்பி மாட்ட வேண்டாம்.

வெளிச்சத்தால் போன நிறம் திரும்பாது. அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வார்கள், நம் வீட்டுக் கூடத்தில் பகலில் அது பல மடங்கு இருக்கும். காவி, பழுப்பு போன்ற மண் நிறங்களும் அல்ட்ராமரீன் நீலமும் வெகுகாலம் தாங்கும். அலிசரின் என்ற சிவப்பும், பிள்ளைகள் பயன்படுத்தும் ஸ்கெட்ச் பேனா நிறங்களும் விரைவில் ஓடிவிடும். ஆகவே எல்லாவற்றையும் எப்போதும் மாட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன். நான்கு சட்டங்கள் மட்டும் சுவரில் இருக்கின்றன. தை, சித்திரை, ஆடி மாதங்களின் தொடக்கத்தில் உள்ளிருக்கும் ஓவியங்களை மாற்றுகிறேன், ஐப்பசி பிறந்ததும் நான்கையும் இறக்கிவிடுகிறேன். மூலைப் பையிலிருந்து எடுத்து வேறொன்றைச் செருக ஐந்து நிமிடம் போதும். 400 ரூபாய்க்கு வாங்கிய ஈரப்பதமானி அதே சுவரில் தொங்குகிறது, அது 65 விழுக்காட்டைத் தாண்டி இரண்டு நாள் நின்றால் ஐப்பசிக்குக் காத்திருக்காமல் இறக்குவேன். மேற்குச் சன்னலுக்கு எதிரே அந்தப் படித்துறை ஓவியத்தின் அச்சுப் பிரதியை மாட்டியிருக்கிறேன், வெளிறினால் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளின் படங்களுக்குச் சட்டமே போடுவதில்லை. நீள ரீப்பர் கட்டை ஒன்றைச் சுவரில் பொருத்தி, அதில் கிளிப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டு மாட்டுகிறோம், வாரந்தோறும் அவர்களே மாற்றிக்கொள்கிறார்கள்.

மகாமகக் குள ஓவியத்தை நான்கு மண்டபங்களோடு அப்படியே சட்டமிட்டேன். உரிந்துபோன இடத்தில் வண்ணம் தீட்டித் தரலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார், எனக்கு மனம் வரவில்லை. தாளின் வெறும் வெண்மை குளக்கரையில் தெரிகிறது. பின்னட்டையில், ஓவியம் மறைக்கும் இடத்துக்குக் கீழே, அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஆண்டையும் இடத்தையும் பென்சிலால் எழுதி, "மூலைகள் தாள் பைக்குள் செருகப்பட்டுள்ளன, எங்கும் ஒட்டவில்லை, முதலில் கீழ் வலது மூலையை எடுக்கவும்" என்று சேர்த்து எழுதியிருக்கிறேன்.